முளை பிடிக்கும் மண்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், காய்கறித் தோட்டங்கள் சரிவெங்கும் படிக்கட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும் திரிங்காப் ஊரில், கூடாரம் அடிக்கச் சமதளம் கிடைப்பதே அரிது. மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட தானா ராத்தாவில், பாவு ஆற்றோரத்தில் முகாம் திடல் அமைந்ததில் வியப்பில்லை.

2,000 மீட்டருக்கு மேல் உயரும் பிரிஞ்சாங், ஈராவ் மலைகளில் நிற்பதோ பாசிக்காடு, அதாவது மேகம் ஓயாமல் தவழ்ந்து மரக்கிளைகளையெல்லாம் பாசியால் போர்த்தியிருக்கும் காடு. அதன் தரை வெறும் மண்ணன்று, மட்கிய இலைகளும் வேர்களும் பின்னிக் கிடக்கும் ஈரப்பஞ்சு. அதில் அடித்த முளை, கயிற்றை இழுத்தவுடன் பிடுங்கிக்கொண்டு வரும் என்பது ஒருபுறமிருக்க, ஒரே காலடியில் நசுங்கும் பாசி மீண்டும் தழைக்க நெடுங்காலமாகும். அங்கே நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே அந்தக் காட்டுக்குச் செய்யும் மரியாதை. 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டப்படி, நிரந்தரக் காப்புக்காடு எனப்படும், அரசு நிலையாக ஒதுக்கிய காட்டுக்குள் நுழைவதற்கே மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஆற்றங்கரையில் தங்குவோர், மேலே மழை பெய்து நீர் செம்மண் நிறமாகக் கலங்கத் தொடங்கினால், விடியும்வரை காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.