தடுப்பூசியும் பொறுமை உபதேசமும்

(காரைக்கால் கோவில்பத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்த விஷயம், 2021-ஆம் வருஷத்தில் கொரோனா தடுப்பு ஊசிக்காக நம் ஜனங்கள் காத்துக்கிடந்த சங்கதியாகும். "அதுதான் தீர்ந்துபோன கதையாயிற்றே, செத்தவர்கள் செத்தார்கள், பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், இப்போது அதைக் கிளறுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். வியாதியின் வேகம் தீர்ந்திருக்கலாம். ஆனால் அப்போது நமக்குச் செய்யப்பட்ட பொறுமை உபதேசம் தீர்ந்துவிடவில்லை. நாளை வேறொரு தொத்துவியாதி வந்தால் அதே உபதேசத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆகையால் பயமில்லாமல் புத்தி நிதானமாய் இருக்கும் இந்தச் சமயத்திலேயே அதைப்பற்றிப் பேசிவிடுவது நல்லது. நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பத்திரிகைகளையும் புத்தகங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்து அறிந்ததைச் சொல்லுகிறேன். அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

காத்திருப்பது என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பக்கத்திலே திருநள்ளாறு இருக்கிறது. ஏழரை வருஷம் சனி பிடித்திருக்கிறது, அது விலகும்வரை பொறுத்திரு என்று ஜோசியன் சொன்னால், மூச்சுவிடாமல் பொறுத்திருப்பவர்கள் நம் மக்கள். 2020 டிசம்பர் 27-ந் தேதி அங்கே சனிப்பெயர்ச்சி நடந்தது. சனி பெயர்ந்தாராம், இனிக் கஷ்டம் விலகும் என்றார்கள். நாலைந்து மாதத்திற்குள்ளாக, 2021 மே முதல் வாரத்தில், இந்தியாவில் ஒரே நாளில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பேருக்கு வியாதி கண்டது. சனி எங்கே பெயர்ந்து போனார் என்று கேட்க ஆளில்லை. கோயமுத்தூர் இருகூரில் ஒரு மடத்தார் கொரோனாவுக்கே "கொரோனா தேவி" என்று சிலை வைத்து யாகமும் தொடங்கிவிட்டார்கள். அதே ஜில்லாவில் முன்னொரு காலத்தில் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மனை உண்டாக்கினவர்கள்தானே!

ஆனால் ஒன்று சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜோசியன் பொய்யாகவாவது ஒரு தேதி சொல்லுகிறான். இன்ன வருஷம் இன்ன மாதம் உனக்கு விடிவு என்கிறான். 2021 மே மாதத்தில் ஊசி கேட்டு வாசலில் நின்றவனுக்கு மெய்யாகவேனும் ஒரு தேதி சொல்ல ஒருவரும் இல்லை. "இன்று ஸ்டாக் இல்லை, நாளை வா" என்பதே பதில். நாளை போனால் அதே பதில். தேதி தெரியாதவன் ஜோசியன் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? மூடநம்பிக்கையைத் திட்டுகிற நாம் அதற்கு எரு போடுவது யார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

இனி, வரிசையைப்பற்றிச் சொல்லுகிறேன். மருந்து கொஞ்சம், மனிதர்கள் அதிகம் என்றால் யாராவது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நின்றுதான் ஆகவேண்டும். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. எந்தக் கணக்கில் முன்னே, எந்தக் கணக்கில் பின்னே என்பதுதான் கேள்வி. இந்தத் தேசத்திலே இதுவரை வரிசை எப்படி இருந்து வந்திருக்கிறது? பிறவிக் கணக்கில் ஒரு வரிசை. காசுக் கணக்கில் ஒரு வரிசை. கோயிலில் போய்ப் பாருங்கள்: காசில்லாதவனுக்குத் தர்ம தரிசனம், அவன் பொழுது விடிந்து பொழுது போகிறவரை நிற்கவேண்டும்; டிக்கெட்டு வாங்கினவனுக்குத் தனி வழி, அவன் பத்து நிமிஷத்தில் சாமிக்குப் பக்கத்தில் போய்விடுவான். சாமிக்கு முன்னாலேயே இப்படி என்றால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கேட்பானேன்!

தடுப்பு ஊசி முதலில் வந்தபோது இந்த இரண்டு கணக்கும் இல்லாத ஒரு வரிசையைப் போட்டார்கள். அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். 2021 ஜனவரி 16-ந் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. மந்திரி பக்கத்தில் நின்று பார்த்தார். யோசித்துப் பாருங்கள்! அந்தத் தொழில் செய்பவர்களை இந்த நாடு எத்தனை நூற்றாண்டாக எந்தக் கோடியில் நிறுத்தி வைத்திருந்தது! அவரை முன்னால் கொண்டுவந்தது எந்தச் சாஸ்திரம்? நோயாளியின் அழுக்கைத் தொடுகிறவனுக்கு ஆபத்து அதிகம் என்ற வைத்திய சாஸ்திரம், வேறொன்றுமல்ல. போட்டோவுக்காகச் செய்தார்கள் என்று சொல்லுபவர்களும் உண்டு. போட்டோவுக்காகவே இருக்கட்டும், அந்தக் கணக்கு சரியான கணக்கு. வைத்திய வேலைக்காரர்கள், பிப்ரவரி முதல் முன்களத்தில் நிற்பவர்கள், மார்ச்சு 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் 45-க்கு மேல் வேறு நோயுள்ளவர்களும், ஏப்ரல் 1 முதல் 45-க்கு மேற்பட்ட எல்லாரும் என்று வந்தது.

இதில்கூட ஒரு வாலிபன் கேட்கலாம்: "நான் கடலுக்குப் போகவேண்டியவன், கூலிக்குப் போகவேண்டியவன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு முதலில் எதற்கு?" நியாயமான கேள்விதான். இந்தோனேசியாவிலே சர்க்கார் அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு, 18 முதல் 59 வயதுள்ள வேலை செய்பவர்களுக்கு முதலில் போட்டது. நம் தேசத்தில் வியாதி கண்டால் சாகிறவர்கள் அதிகமும் வயதானவர்கள் என்பதால் அவர்களுக்கு முதலிடம் தந்தார்கள். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம், இரண்டையும் எதிர்த்தும் பேசலாம். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. ஏனெனில், வாலிபன் காத்திருந்தால் அநேகமாய்ப் பிழைத்து நிற்பான்; கிழவனைப்பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தக் காரணத்தை வாலிபனுக்கு விளக்கிச் சொன்னால் அவன் பொறுப்பானா மாட்டானா? என் அனுபவத்தில் பொறுப்பான். மனிதனுக்கு மூளை இருக்கிறது என்று நம்பிப் பேசினால் அவன் மூளையோடுதான் பதில் சொல்லுவான்.

பிறகு வந்தது மே 1-ந் தேதி. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஊசி என்று அறிவித்தார்கள். கையில் மருந்து இல்லாத நேரத்தில் கதவை மட்டும் அகலத் திறந்தார்கள். கூடவே கோயிலின் இரண்டு வழியும் வந்து சேர்ந்தது. உற்பத்தியில் பாதி மத்திய சர்க்காருக்கு, கால் பங்கு மாகாணங்களுக்கு, கால் பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு. ஒரே மருந்து, ஒரே புட்டி, விலை மூன்று! கோவிஷீல்டு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாகாணத்துக்கு 300, தனியாருக்கு 600. ஜூன் மாதத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிக்கு 780 ரூபாய் வரை வாங்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த வருஷம் நம் புதுச்சேரியில் நூறுநாள் வேலைக்குக் கூலி 273 ரூபாய். புருஷன், பெண்சாதி, வயது வந்த பிள்ளைகள் இரண்டு, ஆக நாலு பேர் இரண்டிரண்டு ஊசி போட்டுக்கொள்ள 6,240 ரூபாய் ஆகும். ஏறக்குறைய 23 நாள் கூலி. வேலையே இல்லாத ஊரடங்கில் 23 நாள் கூலிக்கு அவன் எங்கே போவான்? ஆகவே அவன் தர்ம தரிசன வரிசையில் நின்றான். அவனைப் பார்த்துத்தான் "பொறுமையாய் இரு" என்றார்கள். 780 ரூபாய் வைத்திருந்தவனுக்கு யாராவது பொறுமையைப் போதித்ததுண்டா?

இது போதாதென்று, 18 முதல் 44 வயதுள்ளவன் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாலொழிய வரக்கூடாது என்றார்கள். கோவின் என்ற அந்தத் தளம் ஆரம்பத்தில் இங்கிலீஷில்தான் இருந்தது. நல்ல போனும், வேகமான இண்டர்நெட்டும், இங்கிலீஷும், சதா போனையே பார்த்துக்கொண்டிருக்க ஓய்வும் உள்ளவன் ஒரு நிமிஷத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டான். வலை பின்னுகிறவனும் நாற்று நடுகிறவளும் என்ன செய்வார்கள்? மே 24-க்குப் பிறகுதான் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நேரில் போய்ப் பதியலாம் என்று வழி விட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டே மே 31-ந் தேதி உத்தரவில், இந்த வயதுக்காரர்களுக்கான கொள்கை மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போதே தன்னிச்சையானதும் அறிவுக்குப் பொருந்தாததுமாகும் என்று சொல்லிற்று. ஜூன் 21 முதல் முக்கால் பங்கை மத்திய சர்க்காரே வாங்கி இலவசமாய்க் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஜனங்கள் கத்தினதும் கோர்ட்டு கேட்டதும் சேர்ந்துதான் அந்த மாற்றம் வந்தது. வாயை மூடிப் பொறுத்திருந்தால் வந்திருக்குமா?

நம் காரைக்காலுக்கு இன்னொரு சங்கடம். பக்கத்து நாகூர் வேறு சர்க்கார். நம் சர்க்கார் இருப்பதோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து, புதுச்சேரியில். அங்கே பெட்டி வந்ததா, அதில் நமக்கு எத்தனை என்று கோவில்பத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? தெரியாத இடத்தில் வதந்தி குடியேறும். "அவர்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம்" என்பான் ஒருவன். அது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் மெய் எழுதி ஒட்டப்படாத சுவரில் பொய்தானே ஒட்டும்? ஒரு கரும்பலகை, ஒரு சாக்குக்கட்டி; இன்று வந்தது இவ்வளவு, போட்டது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, நாளைக்கு இத்தனை டோக்கன் என்று தமிழில் எழுதிவைக்க எத்தனை கோடி ரூபாய் வேண்டும்?

காரணத்தைச் சொல்லாமல் விட்டதன் பலனுக்கு ஒரு உதாரணம். மே 13-ந் தேதி கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். இடைவெளி அதிகமானால் பலன் அதிகம் என்பதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி ஆதாரம் இருந்தது. ஆனாலும் ஜனங்கள் நம்பவில்லை. "மருந்து இல்லை, அதனால் நாளைத் தள்ளுகிறான்" என்றார்கள். பஞ்சகாலத்தில் சொல்லும் உண்மைகூடச் சாக்குப்போலத்தான் தோன்றும்.

பயத்தின் கதையும் அப்படியே. ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் கொன்றது என்று ஊரெல்லாம் பேச்சு. சர்க்கார் நியமித்த நிபுணர் குழு விசாரித்து, ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். இடையில் ஆறு மாதம்! வதந்தி போனில் பறக்கிறது. விசாரணை கட்டைவண்டியில் வருகிறது. ஊசியால் ஒரு கெடுதலுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாய்ச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாறு வந்ததுண்டு. அதையும் சொல்லி, ஊசியில்லாவிட்டால் வரும் ஆபத்து எத்தனை மடங்கு என்பதையும் சொல்லியிருந்தால், கேட்பவன் தானே எடை போட்டுக்கொள்வான்.

நிற்க, மருந்து ஏன் பற்றவில்லை? இதுவும் கிரகத்தின் வேலையா? செங்கற்பட்டில் சர்க்கார் பணம் சுமார் 600 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசித் தொழிற்சாலை, மருந்துக்கு நாடே அலறிக்கொண்டிருந்த 2021 மே மாதத்தில் ஒரு சொட்டு மருந்தும் செய்யாமல் சும்மா கிடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். 1907-ல் ஏற்பட்ட குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனம், 1948-ல் ஏற்பட்ட கிண்டி பி.சி.ஜி. ஸ்தாபனம், வடக்கே கசௌலி, இந்த மூன்று சர்க்கார் ஸ்தாபனங்களின் உற்பத்தி உரிமத்தையும் தரம் போதாதென்று 2008-ல் நிறுத்திவைத்து, 2010-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தரம் போதாதென்றால் தரத்தை உயர்த்தாமல் அடுப்பையே அணைப்பதா?

உலக வரிசை இன்னும் மோசம். 2021 ஜனவரி 18-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். 49 பணக்கார நாடுகளில் அதுவரை போட்ட ஊசி 3 கோடியே 90 லட்சம். மிகவும் ஏழையான ஒரு நாட்டில் போட்டது 25. லட்சமல்ல, ஆயிரமல்ல, வெறும் 25! மருந்துக் காப்புரிமையைத் தற்காலிகமாய்த் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே கேட்டன. 2022 ஜூனில் அரைகுறையாய் ஒன்று கிடைத்தது. நாமும் சுத்தமில்லை. நம் தேசம் ஏற்றுமதியை நிறுத்தியதும், அதோ கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் முதல் ஊசி போட்டுக்கொண்ட சுமார் ஆறு லட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு வழியில்லாமல் நின்றார்கள். ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பித்தான் அவர்களுக்குக் கிடைத்தது. நம் வீடு எரியும்போது அண்டை வீட்டுக்குத் தண்ணீர் தரமுடியுமா என்று கேட்கலாம். அதே கேள்வியைத்தானே பணக்கார நாட்டானும் கேட்டான்?

கடைசியாக ஒரு பழைய கணக்கு. ஜென்னர் அம்மைக்குத் தடுப்பு கண்டது 1796-ல். அந்த மருந்து பம்பாய்க்கு வந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்குக் குத்தப்பட்டது 1802-ல். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல். மருந்து கையில் வந்தபிறகு 173 வருஷம் காத்திருந்தோம்! ஆத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று கொஞ்சம். ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு குழந்தைக்குக் குத்தவேண்டியிருந்த அந்தக் காலத்தில், கீழ்ச்சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்ததை எங்கள் குழந்தைக்குக் குத்தாதே என்று கொஞ்சம். வெள்ளைக்காரச் சர்க்கார் விளக்கிச் சொல்லாமல் சட்டத்தையும் அதிகாரத்தையும் காட்டியது கொஞ்சம். மருந்தோடு காசும் ஆளும் கிராமத்துக்குப் போகாதது மிச்சம்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 டிசம்பரில் நம் புதுச்சேரியில் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்டார்கள். எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் போட்டுக்கொண்டவன்தான். ஆனால் மே மாதத்தில் "ஸ்டாக் இல்லை, போ" என்று திருப்பியனுப்பப்பட்டவனையும், ஆறு மாதம் வதந்தியிலே விடப்பட்டவனையும், டிசம்பரில் "ஏன் போட்டுக்கொள்ளவில்லை?" என்று அதட்டுவதற்கு முன், அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டிய கேள்விகள் சில இருந்தன. வீடுவீடாய் வந்த நர்சுகளும் ஆஷா ஊழியர்களுமே அவற்றுக்குப் பதில் சொன்னார்கள். அவர்கள் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்பதைப்பற்றி, எனக்குப்பின் பேச இருக்கும் தோழர் விவரமாய்ச் சொல்லுவார் என்பதால் நான் இத்துடன் உட்காருகிறேன்.