கப்பலின் மேல் ஒரு கோடு

ஒருநாள் சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஒன்றைக் கண்டேன். அதன் பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் தீட்டப்பட்டிருந்தன. உடன் வந்த மாணவன், "இது கம்பெனியின் முத்திரையா, ஐயா?" என்று கேட்டான். "இல்லை, தம்பி, ஒரு பாராளுமன்ற அங்கத்தினரின் கோபம்" என்றேன். அவன் நகைத்தான். அக்கோபத்தின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

சரக்கு ஏற ஏறக் கப்பல் நீரில் அமிழும். கோடு நீரைத் தொட்டபின் மேலும் பாரம் ஏற்றலாகாது. கடல்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது. அதில் கப்பல் இன்னும் ஆழ அமிழும். குளிர்காலக் கடலோ கொந்தளிப்பு மிகுந்தது. இவற்றைக் கணக்கிட்டு, வட்டத்தின் அருகே தனித்தனிக் கோடுகளும் இடப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கப்பல்களுக்கு இத்தகைய கட்டாய வரம்பு இல்லை. பேராசை கொண்ட முதலாளிகள் சிலர் பழுதுபட்ட கப்பல்களிலும் அளவின்றிப் பாரம் ஏற்றினர். கப்பல் மூழ்கினாலும் இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடும். மூழ்கிய மாலுமி வருவானா? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், அஞ்சிக் கப்பலேற மறுத்தவனுக்குச் சிறை காத்திருந்தது. அக்கப்பல்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர்.

இக்கொடுமையை எதிர்த்தவர் சாமுவேல் பிளிம்சால். 1824இல் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டனில் நிலக்கரி வியாபாரம் செய்து நொடித்து, வறுமையின் அடித்தளத்தைக் கண்டவர். பின்னர் முயன்று செல்வரானவர். 1868இல் டெர்பி நகரின் பிரதிநிதியாகக் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். டெர்பி கடலே இல்லாத உள்நாட்டு ஊர் என்பதை நினைவிற் கொள்க. பாரக் கோட்டை வற்புறுத்தியவர்களுள் அவருக்கு முன்னோடி, ஜேம்ஸ் ஹால் என்னும் கப்பல் முதலாளியே. முதலாளிகள் அனைவரும் தீயவர் அல்லர்.

1873இல் பிளிம்சால் மாலுமிகளின் நிலையை விளக்கி நூல் வெளியிட்டார். நாடு கொதித்தது, அவர்மீது அவதூறு வழக்குகளும் வந்தன. அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. பின்னர் மசோதாவும் வந்தது. ஆனால் 1875 ஜூலை 22ஆம் நாள், பிரதம மந்திரி டிஸ்ரேலி அம்மசோதாவை அவ்வாண்டு கைவிடுவதாக அறிவித்தார். பிளிம்சால் பொங்கி எழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரை வில்லன்கள் என்று முழங்கினார்; முட்டியை உயர்த்தினார். சபாநாயகர் சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னார். அவர் இணங்காமல் வெளியேறினார்.

அது சபை மரபுக்கு மாறான செயலே. ஒரு வாரத்துக்குப்பின் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கோரினார். ஆனால் தாம் கூறிய உண்மைகளை விட்டுக்கொடுக்கவில்லை. மக்கள் குரல் ஓங்கியது, அரசாங்கம் பணிந்தது. 1876இல் சட்டம் பிறந்தது.

கதை இத்துடன் முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கோடு இருத்தல் வேண்டும் என்ற அச்சட்டம், அது எங்கே இருத்தல் வேண்டும் என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது! உயரத்தில் கோடிட்டால் எவ்வளவு பாரத்தையும் ஏற்றலாமன்றோ? அந்த ஓட்டையை அடைத்து, கோட்டின் இடத்தையும் சட்டம் வரையறுக்க 1890 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் பிளிம்சால் சபையிலேயே இல்லை. உள்துறை மந்திரியான ஹார்கோர்ட்டால் மாலுமிகளுக்கு மேலும் நன்மை விளையும் என்று நம்பி, 1880இல் தம் இடத்தை அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தார்.

1898இல் பிளிம்சால் மறைந்தார். 1930இல் பல நாடுகள் கூடிப் பாரக் கோட்டைச் சர்வதேச விதியாக்கின.

அவர் அன்று சினந்தது சரியா என்று மாணவர்கள் என்னை வினவுவதுண்டு. ஒருநாள் கோபம் கதவைத் திறந்தது. கோட்டை உரிய இடத்தில் நிறுத்தப் பின்னும் பதினைந்து ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது. சட்டம் ஒன்று நிறைவேறியதென்று கேள்விப்படும்போது, அதில் கோடு எங்கே இடப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். துறைமுகத்துக்குப் போனால் அவ்வட்டத்தைத் தேடிப் பாருங்கள்.