மூன்று சுழியா, இரண்டு சுழியா?



"டீச்சர், வண்டிக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?" நான்காம் வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. 'வன்டி' என்று எழுதிய மாணவனைப் பத்து முறை எழுத வைத்தேன். அடுத்த கட்டுரையில் அவன் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'பஸ்' என்று எழுதியிருந்தான். அது என்னை உறுத்தியது. சுழியை எண்ணச் சொன்னேனே தவிர, நாக்கைக் கவனிக்கச் சொல்லவில்லை.

'ம்' என்று நீட்டி ஒலித்து மூக்கைப் பிடியுங்கள், ஒலி நின்றுவிடும். மெல்லினத்துக்கு மூக்கே வழி. 'ப', 'ம' இரண்டுக்கும் உதடுகள்தாம் மூடுகின்றன; 'ம'வில் மட்டும் காற்று மூக்கு வழியே செல்கிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன ஆறும் இப்படிப் பிறப்பிடம் ஒன்றான இணைகள். தொல்காப்பியப் பிறப்பியலும் இவற்றை இணைத்தே கூறுகிறது.

இப்போது 'வண்டி' சொல்லுங்கள். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டு, 'ட'வுக்காக அங்கேயே காத்திருக்கிறது. 'பந்து' என்றால் நாக்கு மேற்பல்லின் அடியில் நிற்கிறது. 'கன்று' என்றால் இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே. ஆகவேதான் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் சொல்கிறோம்.

அந்த மாணவன் இப்போது எழுதுமுன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறான். 'வண்டி' அவன் நோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. நீங்களும் சிவப்புப் பேனாவை எடுக்குமுன், "நாக்கு எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.