50 பவுண்டுக்கு விற்கப்பட்ட மர்மம்



ஒலியனியலும் இலக்கணமும் கற்பித்துக் காலங்கழித்த ஒருவன் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் நாட்டில் தமிழில் எழுதுவோருட் பலர் தம் நூலைத் தம் பணத்திலேயே அச்சிடுகின்றனர். வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் கிடைக்கின்றன. மீதிப் படிகள் வீட்டு அலமாரியைச் சென்று சேர்கின்றன. ஏதேனும் ஒரு பதிப்பகம் தம் நூலை ஏற்காதா என்னும் ஏக்கம் அவர்களுக்கு உண்டு. அந்த ஏக்கம் ஒருவருக்கு நிறைவேறியபோது என்ன நிகழ்ந்தது என்பதை ஆராய்வதற்கு ஆங்கில மர்ம நாவல் வரலாற்றில் ஒரு தெளிவான சான்று இருக்கிறது. அதனை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஃபெர்கஸ் ஹியூம் 1859ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் நியூசிலாந்தின் டனீடின் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஒட்டாகோ பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று, 1885இல் வழக்கறிஞராகப் பதிவுபெற்று, அதன்பின் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குச் சென்று ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். அவருடைய உள்ளம் நாடகத்தில் இருந்தது. மெல்பர்ன் நாடக அரங்க உரிமையாளர்களோ, பெயர் தெரியாத இளைஞர் ஒருவரின் நாடகத்தைப் படித்துப் பார்க்கவும் இசையவில்லை. ஒரு நாவல் எழுதிப் பெயர் பெற்றால் அவர்கள் கண் தம் மீது படும் என்று ஹியூம் கணக்கிட்டார்.

அடுத்து அவர் செய்த செயல் எனக்கு மிகவும் பிடித்தமானது. நகரின் பெரிய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் சென்று, எத்தகைய நூல் மிகுதியாக விற்கிறது என்று நேரடியாகக் கேட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் காபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று விடை கிடைத்தது. அப்பெயரை அதற்குமுன் ஹியூம் கேள்விப்பட்டதுகூட இல்லை. கிடைத்த காபோரியோ நூல்களையெல்லாம் வாங்கி, கூர்ந்து படித்தபின் எழுத அமர்ந்தார். அகத்தூண்டல் வந்தால்தான் எழுதுவேன் என்போர்க்கு இது கசக்கும். எனக்கு இதில் ஓர் உழைப்பாளியின் நேர்மை தெரிகிறது.

இரவில் நெடுநேரங் கழித்துச் செயின்ட் கில்டா என்னும் புறநகர்ப் பகுதிக்கு வாடகை வண்டியிற் சென்றுகொண்டிருந்தபோது கதையின் கரு அவருக்குத் தோன்றியது. ஹான்சம் வண்டி என்பது இரு சக்கரங்களும் ஒற்றைக் குதிரையும் உடையது. வண்டியோட்டி பயணிகளுக்குப் பின்னால், உயரத்தில் அமர்ந்திருப்பான். உள்ளே நிகழ்வது அவனுக்குத் தெரியாது. ஆகவே ஓடும் வண்டிக்குள் ஒரு கொலை நிகழலாம். வண்டியோட்டியே அதனை அறியாமல் இருக்கலாம். முதல் வரைவை முடித்துப் படித்தபோது, கொலையாளி யார் என்பது எளிதில் வெளிப்பட்டுவிடுவதை ஹியூம் கண்டார். முழுக் கதையையும் இரண்டாம் முறை எழுதி, குற்றத்தை வேறொரு பாத்திரத்தின் மீது மாற்றினார். 'ஒரு ஹான்சம் வண்டியின் மர்மம்' இவ்வாறு உருவாயிற்று.

பதிப்பாளர்கள் கையெழுத்துப் படியைத் திறந்து பார்க்கவும் மறுத்தனர். குடியேற்ற நாட்டில் வாழும் ஒருவனால் படிக்கத் தகுந்த எதையும் எழுத முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதனைப் பத்தாண்டுகளுக்குப் பின், 1896ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பின் முன்னுரையில் ஹியூமே பதிவு செய்துள்ளார். நூலைப் படித்துவிட்டுக் குறை சொல்லியிருந்தால் அவர் திருத்தியிருக்கலாம். எழுதியவர் வாழும் ஊர் குறையாகிவிட்டால் அதனைத் திருத்த இயலுமா?

எனவே கெம்ப் அண்டு பாய்ஸ் என்னும் அச்சகத்தாரை அமர்த்தி, 1886 அக்டோபரில் 5,000 படிகளைத் தம் பொறுப்பிலேயே அச்சிட்டார். அந்நகரில் முதல் நாவல் ஒன்றுக்கு இது துணிச்சலான எண்ணிக்கை. மூன்றே வாரங்களில் அத்தனை படிகளும் விற்றுத் தீர்ந்தன என்கிறார் அவர். இரண்டாம் பதிப்பும் விரைந்து விற்றது. அந்த முதற் பதிப்பின் படிகளுள் இன்று எஞ்சியவை கைவிரல் விட்டு எண்ணத்தக்கவை. மலிவான நூலை வாங்கியவர்கள் படித்துப் படித்துக் கிழித்தே தீர்த்திருக்கிறார்கள்.

ஏன் விற்றது? பலரும் கதையின் புதிரைச் சொல்வார்கள். மொழியியலாளன் என்ற முறையில் நான் வேறொன்றையும் சேர்ப்பேன். தங்கத்தாற் செழித்து, தன்னைத்தானே வியந்துகொண்டிருந்த மெல்பர்ன் நகரம் இந்நாவலில் தன் குரலைக் கேட்டது. கதை எங்கோ இலண்டனில் நடக்கவில்லை; காலின்ஸ் தெருவில், ரஸ்ஸல் தெருவில், வாசகர் அன்று காலை நடந்து வந்த சாலையில் நடந்தது. முதல் இயல் கதைசொல்லியின் குரலில் தொடங்கவில்லை. 'ஆர்கஸ்' என்னும் நாளிதழின் செய்தியாகவே அமைந்துள்ளது. மெல்பர்ன் மக்கள் நாள்தோறும் வாங்கிய இதழ் அது. அடுத்துப் பிணவிசாரணையில் சாட்சிகள் கூறும் வாக்குமூலங்கள் வருகின்றன. செய்தித்தாளின் விறைப்பான நடை, வண்டியோட்டியின் கொச்சை, விடுதி நடத்தும் மூதாட்டியரின் ஓயாப் பேச்சு, வழக்கறிஞரின் அளந்த சொற்கள் என ஒரே நகரத்தின் பல வழக்குகள் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. விடுதிப் பெண்மணியர் இருவரும் தாம் நன்கறிந்த உண்மை மனிதர்களே என்று ஹியூம் எழுதியுள்ளார். லிட்டில் பர்க் தெருவின் சந்துகளிற் பல இரவுகள் சுற்றித் தரவு திரட்டியதாகவும் கூறுகிறார். கள ஆய்வுக்குச் செல்லும் என் மாணவர்கள் இத்தனை இரவுகள் அலைந்ததில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

விற்பனையைக் கண்டதும் வணிகர் வந்தனர். பிரடெரிக் டிரிஷ்லர் என்பவர் முன்னின்ற ஒரு குழு, 'ஹான்சம் கேப் பப்ளிஷிங் கம்பெனி' என நூலின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கான உரிமையை ஹியூம் 50 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 1887இல் இலண்டனில் அக்குழு நூலை வெளியிட்டது. சில மாதங்களில் விற்பனை மூன்று இலட்சத்தைத் தாண்டியதாக அறிவித்தது. விளம்பரத்திற்காகப் பதிப்பாளர் கூறிய எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் 1888இல் 'ஒரு தள்ளுவண்டியின் மர்மம்' என்னும் பகடி நூல் வெளிவரும் அளவுக்கு அந்நூல் பரவியிருந்தது. நான்தான் அந்நூலின் ஆசிரியன் என்று சொல்லித் திரிந்தோரும் இருந்தனர். உண்மையான ஆசிரியருக்கோ அந்த 50 பவுண்டுக்கு மேல் இந்த அச்சு வெற்றியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஹியூம் ஏமாளி என்று இவ்விடத்தில் பலரும் முடிவு கட்டுவர். நான் அவ்வாறு கருதவில்லை. நாடகமாக்கும் உரிமையை அவர் விற்கவில்லை, தம்மிடமே வைத்துக்கொண்டார். மெல்பர்னுக்கு அவர் வந்ததே நாடகக் கனவோடு அல்லவா? ஆஸ்திரேலியாவிலும் இலண்டனிலும் அந்நாடகம் நெடுநாள் நடந்து அவருக்கு வருவாய் ஈட்டித் தந்தது. அவர் தமக்கு மதிப்புடையதெனக் கருதியதைக் காத்துக்கொண்டு, மதிப்பறியாததைக் கைவிட்டார். அமெரிக்க உரிமையைப் பொறுத்தவரை, அயல்நாட்டு எழுத்தாளர்க்கு அங்குப் பதிப்புரிமைக் காப்பு கிடைக்கத் தொடங்கியதே 1891இல்தான். அதற்கு முன்பு எவரும் எடுத்து அச்சிடலாம். அந்நாளில் அவ்வுரிமைக்குப் பெரிய விலை கேட்பதும் எளிதன்று.

இதே 1887ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் இன்னொரு துப்பறியும் கதை வெளிவந்தது. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' அது. ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றும் முதற்கதை. டாயில் தம் பணத்தில் அச்சிடவில்லை. சில பதிப்பாளர்கள் மறுத்தபின் வார்டு லாக் நிறுவனம் ஏற்றது. மலிவுக் கதைகள் சந்தையில் நிறைந்துள்ளன என்று கூறி வெளியீட்டை மறு ஆண்டுக்குத் தள்ளியது. விற்பனையில் பங்கு வேண்டும் என்று டாயில் கேட்டார், மறுக்கப்பட்டது. முழு உரிமைக்கும் அவர் பெற்ற தொகை 25 பவுண்டு, ஹியூம் பெற்றதிற் பாதி.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சொந்தப் பதிப்பா, பதிப்பகமா என்று நாம் ஓயாமல் வழக்காடுகிறோம். ஒருவர் தாமே அச்சிட்டு விற்றுக் காட்டியபின் பதிப்பாளரிடம் சென்றார்; மற்றவர் நேரே பதிப்பாளரிடம் சென்றார். இருவரும் இழந்தது ஒன்றே. முதலாமவர் கையில் 5,000 படிகள் விற்ற சான்று இருந்தது. அது அவருக்குக் கூடுதலாகப் பெற்றுத் தந்தது 25 பவுண்டு மட்டுமே. ஆகவே வழியைவிட ஒப்பந்தத்தின் சொற்களே முதன்மையானவை என்பது என் துணிபு. டாயில் தம் ஹோம்ஸைப் பிற கதைகளில் மீண்டும் எழுதினார். 1891 முதல் 'ஸ்ட்ராண்டு' இதழில் வந்த சிறுகதைகள் அவரை வாழவைத்தன. ஹியூமின் நாவலில் அப்படித் தொடரத்தக்க துப்பறிவாளர் இல்லை. அதன் தலைவர் மெல்பர்ன் நகரமே என்பேன். அவரோ 1888இல் இங்கிலாந்துக்குப் பெயர்ந்துவிட்டார்.

அதன்பின் 1932இல் எசெக்ஸ் மாவட்டத்தின் தண்டர்ஸ்லியில் இறக்கும் வரை அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பெரும்பாலானவற்றின் முகப்பில் அவர் பெயருக்குக் கீழே முதல் நாவலின் பெயரே அவருக்கு அடைமொழியாக நின்றது.

என் துறை சார்ந்த இழப்பு ஒன்றுண்டு. கதையில் லிட்டில் பர்க் தெருச் சேரியில் வாழும் 'மதர் கட்டர்ஸ்னைப்' என்னும் கிழவி வருகிறாள். அவளுடைய பேச்சையும் இயல்பையும் அளவுக்கு மீறிய உயிர்ப்புடன் தீட்டிவிட்டதாகவும், புதிய பதிப்பில் அவற்றை மட்டுப்படுத்தியதாகவும் 1896 முன்னுரையில் ஹியூம் தெரிவிக்கிறார். யாரும் அவரை வற்புறுத்தியதாக அங்கே இல்லை, தாமே செய்தார். மெல்பர்ன் வாசகர்க்கு உவந்த வாய்மொழி, பத்தாண்டுகளில் எழுதியவருக்கே மிகையாகத் தோன்றிவிட்டது. 1880களில் ஒரு குடியேற்ற நகரின் சேரி எவ்வாறு பேசியது என்பதற்கு அவர் செவிவழிச் சேர்த்த சான்று அது. அதனை மென்மையாக்கியதை நான் அவர் 50 பவுண்டுக்குக் கையெழுத்திட்டதைவிடப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

நம்மிடையேயும் இது நிகழ்கிறது. தன் பணத்தில் அச்சிட்ட நூலில் ஒரு தோட்டத்துப் பாட்டி, "பசியாறிட்டியாய்யா?" என்று கேட்கிறாள். தீம்பார், பிரட்டுக்களம், தண்டல், கிராணி ஆகிய சொற்கள் விளக்கமின்றி நிற்கின்றன. படிப்பவர்க்கு விளக்கம் தேவைப்படவுமில்லை. அதே நூல் சென்னையில் மறுபதிப்புப் பெறும்போது பாட்டி "சாப்பிட்டாயா?" என்கிறாள், பிரட்டுக்களம் 'காலை வருகைப் பதிவு நடக்கும் இடம்' ஆகிறது. இவ்வாறு மாறிய பக்கங்களை நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பதிப்பாசிரியர் தீய எண்ணத்துடன் செய்வதில்லை. அங்குள்ள வாசகர்க்குப் புரியவேண்டும் என்று கருதுகிறார். எழுத்தாளரும் அகன்ற வாசகப் பரப்புக்கு அதுவே விலை என்று இசைகிறார். என் கருத்தில் அவ்விலை தேவையற்றது. 'பசியாறு' என்னும் வினையின் பொருளைச் சூழலே உணர்த்திவிடும். அதற்கு அடிக்குறிப்பும் வேண்டா. தமிழ் வாசகர் ஈழத்து வழக்கையும் கரிசல் வழக்கையும் பயின்றுகொண்டவர். நம் வழக்கையும் பயில்வார்.

தமிழில் மர்மக்கதை எழுதியோருள் வேறு வழி கண்டவரும் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே ஏற்று நடத்தி, தம் நாவல்களை அதன்வழி வெளியிட்டார். எழுத்தும் இதழும் ஒரே கையில் இருந்தன. எல்லாருக்கும் அவ்வாற்றல் வாய்க்காது; இன்றைய எழுத்தாளரிடம் நான் அதனை எதிர்பார்க்கவும் இல்லை.

பதிப்பகத்தாரின் ஒப்பந்தம் கைக்கு வரும்போது நம்மவர் பார்க்கவேண்டியவை சில உள. உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு. மின்னூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு ஆகியவை தனித்தனியே பெயர் சொல்லப்பட்டுள்ளனவா, அல்லது 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒரே தொடருக்குள் அடங்கியுள்ளனவா. நூல் அச்சில் இல்லாதபோது உரிமை திரும்புமா. இவற்றோடு, உரையாடல்களில் எழுத்தாளரின் இசைவின்றி எச்சொல்லையும் மாற்றுவதில்லை என்னும் ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தமிழில் அதனை எவ்வாறு எழுதலாம் என்று ஒரு வரைவு கொண்டுவந்திருக்கிறேன்; படிகள் வாயில் மேசையில் உள்ளன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி நேரத்தைத் தொடங்கலாம்.