கிபுஞ்சி என்னும் குரங்கு

அடர்ந்த மலைக்காட்டில் குரங்கைக் காண்பதற்கு முன் அதன் குரலையே கேட்கிறோம். இலைகளுக்கிடையே நிழலொன்று தாவி மறையும். கிளை அசைந்து நிற்கும். போனது எந்த இனமென்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆகவேதான், டான்சானியா நாட்டின் தென்மேற்கே ருங்வே மலையடியில் வாழும் நியாக்யூசா மக்கள் ‘கிபுஞ்சி’ என்றொரு கூச்சமுள்ள குரங்கைப் பற்றிக் கூறியபோது, அது மெய்யான விலங்கா, கதையில் உலவும் ஆவியா என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர்.

2003ஆம் ஆண்டில் டிம் டாவன்போர்ட் குழுவினர் அதை நேரில் கண்டனர். மறு ஆண்டு, ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பால், உட்சுங்வா மலைகளின் நுண்டுலு காட்டில் ட்ரெவர் ஜோன்ஸ் என்பாரும் தனியே அதைக் கண்டார். இரு குழுவினரும் ஒன்றுசேர்ந்து 2005இல் இது புதிய இனமென அறிவித்தனர்.

நேயர்களே, அதன் அடையாளங்களைப் பார்ப்போம். சாம்பல் கலந்த பழுப்பு மயிர் நீண்டு அடர்ந்திருக்கும். 2,450 மீட்டர் உயரம் வரை வாழும் விலங்குக்கு அந்தப் போர்வை வேண்டியதே. வயிறும் வால்நுனியும் வெளிறியவை. முகமும் இமைகளும் கருநிறம். உச்சியில் மயிர் கொண்டைபோல் நிமிர்ந்து நிற்கும். எனினும் ஐயத்தை அறவே நீக்குவது குரலே. உருவத்தில் ஒத்த மாங்கபிக் குரங்கு நெடுந்தொலைவு கேட்கக் கூவிக் கெக்கலிக்கும். கிபுஞ்சியோ, வாத்தின் கத்தலும் நாயின் குரைப்பும் கலந்தாற்போல் தாழ்ந்த தொனியில் உரத்துக் குரைக்கும்.

உருவ ஒற்றுமை கருதி அதை முதலில் மாங்கபியோடு சேர்த்தனர். கொன்று பதப்படுத்திய உடல் இல்லாமல், புகைப்படத்தையே சான்றாகக் கொண்டு பெயரிட்டதை அறிஞர் சிலர் குறை கூறினர். அருகிய விலங்கொன்றைப் பெயரிடுவதற்காகச் சுடாமல் விட்டது சரியே என்பது நம் எண்ணம். பின்னர், சோளக்கொல்லையில் உழவர் வைத்த பொறியில் இளங்குரங்கொன்று சிக்கி இறந்தது. அதன் மரபணுக்களைச் சோதித்தபோது, நெருங்கிய உறவு தரையில் திரியும் பபூன் குரங்கோடு என்று தெரியவந்தது! 2006இல் கிபுஞ்சிக்கென ‘ருங்வேசீபஸ்’ என்னும் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது.

உறவு அதுவாயினும் வாழ்க்கை வேறு. கிபுஞ்சி பெரும்பாலும் மரவுச்சியிலேயே கூட்டமாக வாழும்; தரைக்கு அரிதாகவே இறங்கும். இலை, தளிர், பட்டை, கனி, பூச்சி எல்லாம் உண்ணும். காட்டோரத்துச் சோளத்தையும் விடுவதில்லை. அங்கேதான் பொறி காத்திருக்கிறது. மரவெட்டும் கரிசுடுதலும் காட்டைத் துண்டாடின. 2008இல் வெளிவந்த கணக்கில், எங்குமாகச் சேர்த்து 1,117 குரங்குகளே இருந்தன. அவை வாழ்ந்த காடு 18 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பிற்காலத்தில், காவல் வலுத்த ருங்வே பக்கத்தில் தொகை உயர்ந்தது. நுண்டுலுவில் அன்று எண்ணப்பட்டவை 75 மட்டுமே.