குடிநீரில் வரும் குடல் நோய்



நெகிரி செம்பிலானில் நான் பணியாற்றும் தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் சில வாரங்களாக வகுப்பில் சோர்ந்து தூங்கினான். வயிறு உப்பியிருந்தது, உடம்பு மெலிந்தது, மலம் எண்ணெய்ப் பசையோடு துர்நாற்றம் வீசியது. "பூச்சிதான் சார்" என்று சொல்லி, அவன் தாயார் இரு முறை பூச்சி மருந்து கொடுத்திருந்தார். குணமில்லை. சிரம்பானில் மலத்தைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது புழு அல்ல. 'ஜியார்டியா' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி.

1681-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், தாம் செய்த உருப்பெருக்கியில் இதைக் கண்டதாக அறிஞர் கருதுகின்றனர். நோயாளியின் மலத்தோடு வெளியேறும்போது இது கெட்டியான கூடு ஒன்றுக்குள் அடங்கியிருக்கும். அதனால் தண்ணீரில் பல நாள் உயிரோடிருக்கும். குளோரினுக்கும் எளிதில் சாகாது. மழை வெள்ளம் அதைக் கிணற்றிலும் ஓடையிலும் சேர்த்துவிடும். அந்த நீரைக் குடித்தால், ஓரிரு வாரங்களில் சிறுகுடலில் பெருகி, உணவின் சத்து உடலில் சேராமல் தடுக்கும். பிள்ளை சாப்பிட்டும் மெலிவது இதனால்தான்.

அந்த வீட்டில் நடந்ததும் இதுவே. குழாயில் தண்ணீர் வராத நாள்களில், ஓடையோரக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடித்திருந்தார்கள்.

இதற்கு மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுப்பார்கள். டினிடசோல் ஒரே வேளையில் முடிவது. அளவை டாக்டரே சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது வாயில் உலோகச் சுவை தோன்றும், அஞ்ச வேண்டாம். பெரியவர்கள் அந்நாள்களில் கள்ளையும் சம்சுவையும் தொடக்கூடாது.

நம் மாணவனுக்கு மூன்றாம் நாளே மலம் இறுகியது. தாயார் மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்தது. மறுமுறை கடைசி மாத்திரைவரை கொடுத்த பின்னரே பையன் தேறினான்.

இன்னொன்று: இந்த ஒட்டுண்ணி தினமும் மலத்தில் தென்படாது. ஒரு சோதனையில் இல்லையென்றால், வெவ்வேறு நாள்களில் மூன்று முறை சோதிப்பது நல்லது. மலத்தில் இரத்தமும் சளியும் கண்டால் அது அமீபா சீதபேதியாகவும் இருக்கலாம். அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது காய்ச்சி, மூடி வையுங்கள். கழிவறை சென்றபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். தோட்டக் குடியிருப்புக்கு இலவசமாகக் குழாய்நீர் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குழாய் வறண்டால் கேளுங்கள். அதுவரை அடுப்பில் கெட்டில் ஏறட்டும்.