மாத்திரையும் சோறும்



கரீபியன் கடலில் ஹெய்ட்டி என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் நடுப் பகுதியில் கான்ஷ் என்றொரு மலைக்கிராமம். 1988 டிசம்பரில் அந்த ஊர் மருத்துவமனையை நம்பியிருந்த மூன்று பேர் காசநோயில் இறந்துபோனார்கள். மூவருக்கும் வயது நாற்பதுகளில்தான். காசநோய்க்கு மருந்து இருந்தது, அதுவும் இலவசமாக. அப்படியிருந்தும் ஏன் செத்தார்கள்? இதைப் பேச மருத்துவமனை ஊழியர்கள் ஒன்றுகூடினார்கள். கூட்டத்தில் பால் ஃபார்மர் என்ற அமெரிக்க இளைஞரும் இருந்தார். ஹார்வர்டில் மருத்துவமும் மானிடவியலும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தவர். இன்று நான் பேச வந்திருப்பது அவரைப் பற்றித்தான்.

நோய்க்கு என்ன காரணம், என்ன மருந்து என்று மருத்துவர் சொல்வார். நோய் வந்தவர் யாரிடம் முதலில் ஓடுகிறார், எதை மறைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு அறிவது மருத்துவ மானிடவியல். நானும் தமிழ்நாட்டின் வட மாவட்டக் கிராமங்களில் காசநோயாளிகளோடு இந்த வேலையைச் செய்துவருகிறவள். அதனால் ஃபார்மரைப் பற்றிப் பேசும்போது என் ஊர்க்காரர்களும் நடுநடுவே வந்துவிடுவார்கள்.

ஃபார்மர் 1959இல் பிறந்தவர். சிறு வயதில் அவர் குடும்பம் ஒரு பழைய பேருந்தையே வீடாக்கி வாழ்ந்தது. கல்லூரியில் படித்தபோது, பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களில் கூலிவேலை செய்த ஹெய்ட்டிக்காரர்கள் பழக்கமானார்கள். அவர்களுடைய நாட்டைப் பார்க்க 1983இல் போனார். கான்ஷ் மக்கள் முன்பு கீழே பள்ளத்தாக்கில் நல்ல வயல் வைத்திருந்தவர்கள். 1956இல் பெலிக்ர அணை கட்டியதும் வயல்கள் மூழ்கின. தண்ணீர் துரத்த, மேலே வறண்ட மலைச்சரிவில் ஏறிக் குடிசை போட்டார்கள். ஃபார்மர் முதலில் கேட்டு எழுதியது அந்தக் கதையைத்தான். நோய்க்கிருமி நெஞ்சுக்குள் நுழைவதற்கு வெகு முன்பே அந்த மனிதரின் வாழ்வில் என்னென்ன நுழைந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

சரி, அந்தக் கூட்டத்துக்கு வருவோம். நேயர்களே, எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மருத்துவமனையில் ஒரு தரப்பினர், ‘இவர்கள் காசநோயைச் செய்வினை என்று நம்புகிறார்கள், அதனால்தான் மாத்திரையை நடுவில் விட்டுவிடுகிறார்கள்’ என்றார்கள். கிராமங்களில் வீடு வீடாகப் போய்வந்த சுகாதாரப் பணியாளர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களும் அதே ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சோறு இல்லாதவர்களும் வந்துபோகக் காசில்லாதவர்களும்தான் சாகிறார்கள் என்பது அவர்கள் பக்கத்து வாதம்.

யார் சொல்வது சரி? வழக்கமாக இந்த மாதிரி விவாதத்தில் பெரிய படிப்பு படித்தவர் வாய்தான் வெல்லும். ஃபார்மரும் நண்பர்களும் இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1989இல் தொடங்கி நூறு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் மருந்து இலவசம். பணியாளர்கள் போய்வரக்கூடிய ஊர்களில் இருந்த ஐம்பது பேருக்கு மட்டும் கூடுதலாகச் சில உதவிகள்: முதல் மாதம் தினமும் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், முதல் மூன்று மாதம் மாதாமாதம் 30 டாலர் பணம், சத்துணவு, மருத்துவமனைக்கு வந்துபோகச் செலவு. தொலைவில் இருந்த மற்ற ஐம்பது பேருக்கு மருந்து மட்டும்.

உதவி பெற்றவர்கள் எல்லோருமே குணமானார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறினார்கள். செய்வினை? அதையும் விடாமல் ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் அதை நம்பத்தான் செய்தார்கள். நம்பியவர்களும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். நம்பிக்கைக்கும் குணமாவதற்கும் தொடர்பே இல்லை.

சிகிச்சையை நல்லபடியாக முடித்த ஒரு பெண்மணியிடம் ஃபார்மர் போய்க் கேட்டாராம், செய்வினை என்று நம்பிக்கொண்டே மாத்திரையும் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று. இரண்டும் ஒருவர் மனத்தில் சேர்ந்து இருக்கமுடியாதா என்று அந்த அம்மா அவரைப் பார்த்து வியந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு நம்மூர் அக்கா ஒருவர்தான் கண்ணில் நின்றார். மாரியம்மன் கோயிலில் மந்திரித்த கயிறு ஒரு கையில், மாத்திரை அட்டை மறு கையில். ஒரு வேளை தவறவிடாமல் சாப்பிட்டுவந்தவர். பெரிய மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார், அதை அறுத்துப் போட்டுவிட்டு வா என்று. அக்கா அதோடு அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளூர் செவிலியர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லித்தான் மறுபடி மாத்திரை தொடங்கியது. கயிறு கடைசிவரை கையில் இருந்தது. நோயும் போயிற்று.

செங்கல் சூளையில் வேலைபார்த்த அண்ணன் ஒருவரின் அட்டையில், ‘நோயாளி ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதியிருந்தது. அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து கேட்டேன். “மாத்திரை போட்டா நல்லாப் பசிக்குது மேடம். பசிச்சா சோத்துக்கு எங்க போறது? இருக்கிற சோறு பிள்ளைங்களுக்கே பத்தல” என்றார். உடம்பு தேறத் தொடங்கினால் பசி திரும்பும், நல்ல அறிகுறி அது. அந்த வீட்டில் அதுவே பாரமாகிவிட்டது. ஒத்துழைக்காதவர் என்று ஒரு வரி எழுதுவது சுலபம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு காலிப் பானை இருந்தது.

நம் சென்னைக்கு இந்தக் கதையில் பெருமையான இடம் உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானட்டோரியத்தில் சேர்த்து வைத்தியம் செய்தாலும் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்று 1959இல் காட்டியது. உலகமே காசநோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியது அதன் பிறகுதான். ஆனால், சாப்பாடு முக்கியமில்லை என்றும் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணம் மாற வெகுகாலம் ஆயிற்று. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது. கான்ஷ் பணியாளர்கள் 1988இலேயே பேசிய விஷயம் இது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மரும் ஒஃபீலியா டால், ஜிம் யோங் கிம் முதலிய நண்பர்களும் 1987இல் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஏழை நாடுகளில் எய்ட்ஸ் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று நிபுணர்கள் பேசிக்கொண்டிருந்த 1998இல், கான்ஷில் அதையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே சம்பளம் கொடுத்து, தினமும் மாத்திரையோடு போய் நோயாளி பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பெரு நாட்டில் மருந்துக்கு அடங்காத காசநோயையும் இதே வழியில் குணப்படுத்திக் காட்டினார்கள். 2005இல் ருவாண்டாவுக்குப் போனார் ஃபார்மர். அங்கே புட்டாரோ என்ற ஊரில், தாம் உருவாக்க உதவிய மருத்துவப் பல்கலைக்கழக வளாகத்தில் 2022 பிப்ரவரி 21 அன்று காலமானார். வயது 62. அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் கேட்ட மாதிரி நாமும் கேட்பதுதான்.

நேயர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ஒதுங்கிப் போகாமல் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். சமைக்கவில்லை என்றால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டுச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள்.